வாய்க்காலில் படகு நட்ட தையல்நாயகி

கும்பகோணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் டபராவைக் கையில் வாங்கிய நேரத்தில் அந்தோணியின் அழைப்பு வந்தது. அந்தோணி தரங்கம்பாடிப் பக்கத்து மீனவர். சாதாரணமாகப் பேசும்போதே அலை இரைச்சலுக்கு மேலே பேசுகிறவர், அன்று மெதுவாகப் பேசினார். "அக்கா போயிட்டாங்கண்ணே. காலையில எந்திரிக்கவே இல்ல." எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஓர் அக்காதான் உண்டு. காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். கொட்டிவிட்டு ஓடியிருந்தால் அவரே திட்டியிருப்பார். மயிலாடுதுறை போய், அங்கிருந்து திருக்கடையூர் வழியாகக் கருவேலங்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதை வாசிக்கும் பலருக்குத் தையல்நாயகி அக்காவைத் தெரியும். அவர் நடத்திய கூட்டங்களில் உட்கார்ந்திருப்பீர்கள், அல்லது அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கருவேலங்குடி காலனியில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர், அந்தத் தெருவில் முதலில் பத்தாவது தேறியவர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவர். தொண்ணூறுகளில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் முளைத்தபோது எங்கள் பக்கத்தில் உப்பு எதிர்ப்புக் குழு என்று ஒன்று தொடங்கியது. அவர் அதன் தலைவர். நான் செயலாளர். தலைவர் பேசுவார், செயலாளர் தபால் ஆபீசுக்கு நடப்பார்.

குழு உருவானது எங்கள் வீட்டுக் கூடத்தில். அதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். கூலி உயர்வுக்காகப் போராட்டம் நடந்த காலத்தில் என் அப்பா வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுப்பு அறுத்தவர். அந்த வயலில் சிவப்புக் கொடியை ஊன்றிவிட்டுச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் அக்காவின் அப்பா. பின்னால் பெரிய மிராசு ஒன்று கைமாறியபோது, நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, காலனிக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் கிடைத்தது. கையகல நிலம்தான். ஆனால் பட்டா அவர்கள் பெயரில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள், முதன்முதலாகத் தங்கள் வயலில் நட்டார்கள். சரியாக நாலு போகம் எடுத்திருப்பார்கள். பக்கத்தில் இறால் கம்பெனி வந்தது.

எங்கள் கூடத்தில் அப்பா சாய்வு நாற்காலியில் இருக்கிறார். அக்கா உள்ளே வந்து, நாங்கள் காட்டிய பலகையில் உட்கார்ந்து, நேராக என்னைப் பார்த்து, "சிவகுரு, நீங்க சொல்லுங்க. உங்க கிழக்குக் கொல்லையில பயிரு நுனி கருகுதா இல்லையா?" என்றார். காலனியிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கருகுகிறது என்றேன். "எங்க வயலு முடிஞ்சா அடுத்தது உங்க வயலு. உப்புக்குக் காலனி எது, அக்கிரகாரம் எது, உங்க தெரு எதுன்னு தெரியாதுங்க" என்றார். அவர் போன பிறகு அப்பா வெகுநேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பொண்ணு உனக்கு மூத்ததா?" என்று கேட்டார். ஆமாம், இரண்டு மூன்று வயது மூப்பு என்றேன். "அப்ப சரி" என்றார். அன்றோடு அது முடிந்தது. நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியதும் அன்றுதான்.

விஷயம் எளிமையானது. முகத்துவாரத்திலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிக் கம்பெனி உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்தது. அந்த வாய்க்கால் காலனி நிலங்களை ஒட்டிப் போனது. கரை வழியே உப்பு கசிந்தது. வாய்க்காலை மூடினால் நிலம் பிழைக்கும், மூடாவிட்டால் அந்தக் குடும்பங்கள் பழையபடி அடுத்தவன் வயலுக்குப் போக வேண்டும். ஜமாபந்தியில் மனுக் கொடுத்தோம். தாசில்தார் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அந்தப் புறம்போக்கில் அப்படி ஒரு வாய்க்காலே கிடையாது என்றார். நேரில் வந்து பாருங்கள் என்றோம். பாதையைக் கம்பெனி வேலி போட்டு அடைத்து ஆள் நிறுத்தியிருந்தது, அதனால் அவர் வரவில்லை. ஆட்சி மாறினால் விடியும் என்றார்கள். ஆட்சியும் மாறியது. பம்ப் செட் மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

போராட்டம் என்றால் காசு வேண்டும். அக்காவின் வசூல் முறை அலாதியானது. தை மாதம் களத்தில் நெல் தூற்றி அளக்கும்போது ஒரு சாக்கோடு போய் நிற்பார். ஆளுக்கு ஒரு படி, அவ்வளவுதான். கூலிக்காரரும் ஒரு படி, பண்ணையாரும் ஒரு படி. ஒரு முறை வடக்குத் தெருப் பெரியவர் ஒருவர் தாராளமாக ஒரு மூட்டையை எடுத்து வண்டியில் வைக்கச் சொன்னார். அக்கா மூட்டையைப் பிரித்து, ஒரு படி அளந்து எடுத்துக்கொண்டு, மீதியைக் கட்டி அவர் காலடியிலேயே வைத்தார். பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது. திரும்பி வரும்போது நான் முணுமுணுத்தேன், வந்ததை ஏன் விட வேண்டும் என்று. "மூட்டை குடுத்தா மூட்டைக்குத் தக்கன பேச்சு வரும் சிவகுரு. படி குடுத்தவங்க படியளவுதான் பேசுவாங்க. நம்ம கூட்டத்துல எல்லாரும் ஒரே அளவு பேசணும்" என்றார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. சாக்கைத் தலையில் தூக்கியவன் நான்.

திருக்கடையூரில் கூட ஒரு நாள் முயன்று பார்த்தோம். அறுபதாம் கல்யாணத்துக்கு ஊர் ஊராக வசதியானவர்கள் வருகிறார்களே, அவர்களிடம் துண்டறிக்கை கொடுத்தால் மனம் இளகும் என்பது என் யோசனை. ஒவ்வொரு கல்யாணக் கூட்டமும் எங்களை அன்போடு அழைத்துப் பந்தியில் உட்கார வைத்தது. வடை, பாயசம், அப்பளம். துண்டறிக்கையில் கை துடைத்தவர்களும் உண்டு. அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டே, "சிவகுரு யோசனை எப்பவும் வயித்துக்கு நல்லதுங்க" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அந்தக் கிண்டல் குழு இருந்தவரை என்னைவிட்டுப் போகவில்லை.

அந்த ஆண்டுதான் கப்பல் வந்தது. வெளிநாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றின் கப்பல், கரையோரம் கெடுவதை ஊர் ஊராகப் பார்த்து உலகத்துக்குச் சொல்லிக்கொண்டு வந்தது. எங்கள் கரைக்கு நேரே கடலில் நங்கூரம் போட்டது, கரையிலிருந்து பார்க்கத் தீப்பெட்டி அளவு தெரிந்தது. எங்களை அழைத்தார்கள். அந்தோணியின் படகில் அக்காவும் நானும் இன்னும் இரண்டு பேரும் போனோம். நெல் வயலில் பிறந்தவர்கள் கடலில் போகிற லட்சணம் எப்படி இருக்கும்? நாலு பேரும் வழிநெடுக வாந்தி எடுத்தோம். கப்பல் ஏணியைப் பிடித்து ஏறும்போது அக்காவின் முகம் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்திருந்தது. மேலே போய் முகம் கழுவிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, புடவையை உதறிச் செருகிக்கொண்டுதான் பேச உட்கார்ந்தார்.

கப்பலில் பொறுப்பாக இருந்தவர் நரைத்த முடியுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனுஷி. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் இருவர் பேச்சையும் மாற்றிச் சொன்னார். எங்கள் குழுவுக்கு ஓர் அலுவலகம், ஜீப், பேக்ஸ் மெஷின், இரண்டு பேருக்குச் சம்பளம், எல்லாவற்றுக்கும் பணம் தர அவர்கள் தயாராக இருந்தார்கள். சம்பளம் வாங்கப் போகும் இரண்டு பேரில் ஒருவன் நான்தான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் கொடுத்த பாலில்லாத காப்பி கூட ருசித்தது. அக்கா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "உங்க மனசுக்கு நன்றிங்க. ஆனா இந்தப் பணம் வந்த மறுநா எங்க ஊருல படி அளக்கறத நிறுத்திடுவாங்க. அதான் கப்பல்லேர்ந்து வருதே, நாம எதுக்குன்னு. நெல்லு நின்னா ஆளு நின்னுடும். ஆளு நின்ன பெறவு ஜீப்புல யார ஏத்திக்கிட்டுப் போறது?" சென்னைப் பெண் அதை மாற்றிச் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டி, எங்களுக்கும் வீடு வீடாகச் சின்னத் தொகையாகத்தான் வருகிறது, பெரிய கம்பெனிகளிடம் வாங்குவதில்லை, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது என்றார். சரி, வேறு எதுதான் வேண்டும் என்று கேட்டார். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். கப்பலின் மேல்தளத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். "பெயிண்டு மிச்சம் இருந்தா குடுங்க. நாங்களும் ஒரு கப்பல் வாங்கப் போறோம்" என்றார்.

அது எனக்கே புதுச் செய்தி. திரும்பி வரும்போது படகிலேயே கேட்டேன். வேலி போட்டது நிலத்தில்தானே, தண்ணீர் வழியாகப் போனால் வாய்க்காலின் வாயைப் பார்க்கலாம், பத்திரிகைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டலாம் என்றார். அந்தோணியிடம் பழைய படகு ஒன்று கரையில் கவிழ்ந்து கிடந்தது. சேர்த்து வைத்த நெல்லை விற்று அதை வாங்கினோம். "விவசாயி படகு வாங்கறது, நான் டிராக்டர் வாங்கற மாதிரிண்ணே" என்றார் அந்தோணி. ஆனாலும் விலையைக் குறைத்துக்கொண்டார்.

படகுக்கு வர்ணம் அடிப்பதில்தான் குழு உடையப் பார்த்தது. சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கறுப்பும் சிவப்பும் அடித்தால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளைக் கோடு இழுத்தால் அடுத்த கட்சி. தனிச் சிவப்பு என்றால் நிலம் வைத்திருக்கிற குடும்பங்களுக்கு அந்தப் பழைய கூலிப் போராட்டம் ஞாபகம் வரும். நீலம் என்றால் காலனிப் படகு என்று பெயராகிவிடும். மஞ்சள் என்றால் சாதிச் சங்கம். பச்சை விவசாயிகளின் துண்டு நிறம், ஆனால் எங்கள் வட்டாரத்திலேயே பச்சைத் துண்டுச் சங்கம் இரண்டு, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வெள்ளை அடித்தால் சமாதானத்துக்கு வந்துவிட்டோம் என்று கம்பெனிக்காரன் நினைத்துக்கொள்வான் என்றார் ஒருவர். போதாக்குறைக்கு, அந்த வாரம் ஒரு கட்சிக்காரர் அக்காவைத் தேடி வந்தார். போராட்டத்தில் இறங்கியதற்குத் தண்டனையாக அக்காவை ஒன்றியத்தின் மறுகோடியில் உள்ள பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். விடிவதற்குள் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தார். படகில் தங்கள் கொடியைக் கட்டினால் மாற்றலை ரத்து செய்து தருவதாகச் சொன்னார் வந்தவர். அக்கா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். "பஸ்ஸுல ஜன்னலோரம் எடம் கெடைக்குதுங்க, நான் அப்புடியே இருந்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கூட்டத்தில் வர்ணச் சண்டை உச்சத்துக்குப் போனபோது அவர் எழுந்தார். கப்பலிலிருந்து வந்த டின்கள் வரிசையாக இருந்தன. பச்சை, மஞ்சள், வெள்ளை, செங்காவி, அடியில் கொஞ்சம் கறுப்பு. "எல்லாத்தையும் ஒரே அண்டாவுல ஊத்துங்க" என்றார். ஊற்றிக் கலக்கினோம். வந்த நிறத்தைப் பார்க்க எல்லாரும் அண்டாவைச் சுற்றிக் குனிந்தோம். சாணி. அசல் பசுஞ்சாணி. அந்த நிறத்துக்கு இந்தத் தமிழ்நாட்டில் உரிமை கொண்டாட எந்தக் கட்சியும் இல்லை. அன்றிலிருந்து படகுக்குச் சாணிக் கப்பல் என்றே பெயர். கம்பெனிக் காவலாளிகள் அதைச் சொல்லித்தான் எங்களைக் கேலி செய்தார்கள். நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம்.

பங்குனியில் படகு விட நாள் குறித்தோம். அக்காவின் அப்பா சுயமரியாதைக்காரர், வீட்டில் பஞ்சாங்கமே கிடையாது. ஆனால் அக்கா, "நேரம் காலம் பாத்தாத்தான் நாலு தெரு ஜனமும் வரும். பாருங்க" என்றார். பஞ்சாங்கம் பார்த்து, ராகுகாலம் எமகண்டம் தள்ளி, வெயில் ஏறிய ஒரு நேரத்தைக் குறித்தோம். நாலு தெரு ஜனமும் வந்தது. பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தைப் படகுக்கு அடியில் வைத்தோம். அந்தோணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வத்தம் ஆரம்பிச்சிடுச்சுண்ணே. தண்ணி எறங்குது. சாயங்காலம் போவலாம்" என்றார். சாயங்காலம் அஷ்டமி பிறக்கிறது என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். நாள் நட்சத்திரம் பார்த்த நாங்கள், கடல் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் மட்டும் பார்க்கவில்லை. விவசாயி கப்பல் விட்டால் இப்படித்தான் விடுவான்.

முகத்துவாரத்துக்குப் போகும்வரை அழகாகத்தான் போனது. தூரத்தில் தெரிந்த கம்பெனி வாய்க்காலின் வாய் வரைக்கும் போய்விட்டோம். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கத் தோதாக அந்தோணி படகைக் குறுக்கே திருப்பினார். திரும்பிய படகு சேற்றில் ஏறி அப்படியே உட்கார்ந்துவிட்டது. தள்ளினோம், அசையவில்லை. தண்ணீர் வடிய வடியப் படகு இன்னும் கீழே பதிந்தது. கரையில் கம்பெனி ஆட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அக்கா படகின் விளிம்பில் உட்கார்ந்து அக்கம்பக்கம் பார்த்தார். முன்பக்கம் வாய்க்காலின் ஒரு கரையில் முட்டியிருந்தது, பின்பக்கம் மறு கரைக்கு ஒரு முழம் குறைவு. "சிவகுரு, நாம எங்க நிக்கிறோம்னு பாத்தீங்களா?" என்றார். அதற்குள் உள்ளே பம்பு சேற்றை இழுத்து இருமத் தொடங்கியிருந்தது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

சாயங்காலம் ஏற்றம் வந்தால் படகு தானாக மிதந்துவிடும், எடுத்துவிடலாம் என்றார் அந்தோணி. அக்கா வேண்டாம் என்றார். ஊருக்கு ஆள் அனுப்பி மண்வெட்டிகளும் கூடைகளும் கொண்டுவரச் சொன்னார். படகை மிதக்க வைக்கத் தெரியாதவர்கள்தான் நாங்கள். ஆனால் மடையை அடைக்கச் சொன்னால் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காலனி ஆட்களும் எங்கள் தெரு ஆட்களும் வேலிக்கு வெளியே சேற்றில் இறங்கி வந்து, வரிசையாக நின்று கூடை மாற்றினார்கள். என் அப்பா வராதது ஒன்றுதான் குறை, அவருக்கு அப்போது முழங்கால் வலி. படகுக்குள் மண், படகுக்கு அடியில் வைக்கோல் திணித்த சேறு, மீந்த ஒரு முழத்துக்குத் தென்னை மட்டை. கடல் ஏறி வந்தபோது சாணிக் கப்பல் அசையவில்லை. அது படகாக இருந்தது போய்க் கரையாகிவிட்டிருந்தது. பெண்கள் அதன் மேலேயே கல் கூட்டிச் சோறு வடித்தார்கள்.

காலையில் தாசில்தார் வந்தார். எங்கள் மனுக்களுக்கு வராதவர், கம்பெனி மேனேஜர் கொடுத்த புகாருக்கு வந்தார். வேலியைத் திறந்து கம்பெனிக்காரர்களே அவரை அழைத்து வந்தார்கள். கால்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றோரம் நின்று, யாரம்மா பொறுப்பு என்றார். அக்கா வணக்கம் சொன்னார். "இவங்க வாய்க்கால அடைச்சிருக்கீங்கன்னு புகார் வந்திருக்கு. ஒடனே படக எடுங்க" என்றார் தாசில்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஐயா, ஜமாபந்தியில நீங்கதான் சொன்னீங்க, இங்க வாய்க்காலே இல்லன்னு. இல்லாத வாய்க்கால நாங்க எப்புடிங்க அடைக்க முடியும்?"

தாசில்தார் வாய்க்காலைப் பார்த்தார், கையில் இருந்த புகாரைப் பார்த்தார், பிறகு வாய்க்கால் போகிற வழியில் வெளிறிக் கிடந்த காலனி வயல்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவரும் பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி மகன் என்று பிற்பாடு தெரிந்தது. சர்வேயரைக் கூப்பிட்டுச் சங்கிலி போட்டு அளக்கச் சொன்னார். புறம்போக்கில் வெட்டியது என்று அங்கேயே எழுதினார். பம்பை நிறுத்தச் சொன்னார். திரும்பிப் போகும்போது அக்காவிடம், "எப்பம்மா இப்படித் திட்டம் போட்டீங்க?" என்று கேட்டார். "திட்டமெல்லாம் இல்லீங்க. நல்ல நேரம் பாத்துக் கெளம்புனோம்" என்றார் அக்கா. பிறகு வழக்கு, தடை, மேல்வழக்கு என்று இழுத்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த வாய்க்காலில் மறுபடி தண்ணீர் ஓடவில்லை. சாணிக் கப்பலை நாங்கள் எடுக்கவும் இல்லை. அது அங்கேயே மண்ணோடு மண்ணாகிவிட்டது.

இந்தக் கதையை எல்லா மேடைகளிலும் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. வாய்க்கால் நின்றது, நிலத்தில் ஏறிய உப்பு நிற்கவில்லை. ஆற்றுத் தண்ணீரை வயலில் கட்டிக் கட்டி வடிக்க வேண்டும், பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும், மறுபடி கட்டி வடிக்க வேண்டும். அப்படிக் கழுவிய உப்புத் தண்ணீர் வெளியேற ஒரு வடிகால் வேண்டும். வடிகால் யாராவது ஒருவர் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும், அவர் நிலம் பிறகு வயலாக இருக்காது. காலனி மாரியம்மன் கோயில் முன்னால் கூடினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சிறைக்குப் போய் வாங்கிய நிலம், யார் விட்டுக்கொடுப்பார்கள்? சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று நான்தான் சொன்னேன்.

"தண்ணிக்குச் சீட்டு தெரியாதுங்க" என்றார் அக்கா. "பள்ளத்துலதான் போவும். பள்ளம் என்னுது."

அவர் அண்ணன் எழுந்து சத்தம் போட்டார், அப்பா ஜெயிலுக்குப் போனது வடிகால் வெட்டவா என்று. "அப்பா ஒரு ஆளுக்காவ போவலண்ணே" என்றார் அக்கா. மறுநாள் முதல் மண்வெட்டியை அந்த அண்ணன்தான் போட்டார். போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதார். நான் பார்த்தேன்.

சில ஆண்டுகளில் மற்ற வயல்களில் பயிர் திரும்பியது. முதலில் அங்கங்கே திட்டுத்திட்டாக, பிறகு முழுதாக. என் கிழக்குக் கொல்லையும் பிழைத்தது. அக்காவின் நிலத்தில் வடிகால் ஓடியது. அவர் ரேஷன் அரிசி வாங்கிச் சாப்பிட்டார், மாற்றலான பள்ளிக்கே கடைசிவரை பஸ்ஸில் போய் ஓய்வு பெற்றார். அறுப்பு முடிந்து நெல் கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் ஆளுக்கு ஒரு படிதான் வாங்கினார். "வாடகைங்க" என்பார். நான் பூதலூருக்குக் குடிபோன பிறகு போனில் கூப்பிட்டால், "தலைமடைக்குப் போயிட்டீங்க, தண்ணி ஒங்களுக்கு மொதல்ல, எங்களுக்கு ஒங்க மிச்சம்" என்று தொடங்காமல் பேசியதில்லை. ஒரே ஒரு முறை, தயங்கித் தயங்கி, வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "அறுப்பு நேரத்துல இருக்கும். எல்லா வீட்டு வாசல்லயும் புதுநெல்லு வாசன வரும், என் வீட்டுல வராது. பெறவு சரியாயிடும்" என்றார். அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன குறை அது ஒன்றுதான்.

அடக்கத்துக்கு நாலு தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். அந்தோணி தன் ஊர் ஆட்களோடு வந்திருந்தார். எங்கள் தெருவிலிருந்து தூக்கத் தோள் கொடுத்தவர்களைப் பார்த்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். வயல்களைத் தாண்டித்தான் இடுகாட்டுக்குப் போக வேண்டும். சம்பா பால் பிடித்து நின்றது. ஊர்வலம் வரப்பில் ஒற்றை வரிசையாக நீண்டது. நடுவில் அவர் நிலம் வந்தபோது முன்னால் போனவர்கள் தாமாகவே நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கலாக, அவசரமில்லாமல், கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் குனிந்து ஒரு கை அள்ளித் தங்கையின் காலில் விட்டார். பிறகு நடந்தோம்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய தைரியம் எனக்கு வரவில்லை, வாய்ச் சாமர்த்தியம் நிச்சயமாக வரவில்லை. எனக்குத் தங்கியது ஒரு பழக்கம் மட்டும். எந்த ஊரில் பச்சையாக ஒரு வயலைப் பார்த்தாலும், இதன் தண்ணீர் யார் நிலத்து வழியாக வெளியே போகிறது என்று கேட்கிறேன். பல ஊர்களில் கேட்டுவிட்டேன். அது எந்தக் காலத்திலோ வெட்டியது, யார் நிலமோ தெரியாது என்கிறார்கள். கருவேலங்குடியில் கேளுங்கள், பெயர் சொல்வார்கள்.